47-இன் காரணிகள்: ‘ஐடியல்’ என்ற பெயர் வந்த வழி

இயற்கணித எண் கோட்பாட்டுப் பாடநூல்களில் ‘ஐடியல்’ என்ற சொல் தலைகாட்டும் பக்கத்தில் பல நேரம் ஒரு குட்டிக்கதையும் இருக்கும். 19ஆம் நூற்றாண்டு ஜெர்மானியக் கணிதர் எர்ன்ஸ்ட் எடுவார்ட் கும்மர், ஃபெர்மாவின் கடைசித் தேற்றத்தை நிரூபித்துவிட்டதாக நம்பிக் கையெழுத்துப் பிரதியைச் சக கணிதர் டிரிஷ்லேயிடம் கொடுத்தாராம். ஒன்றின் மூலங்களைக் கொண்டு கட்டிய எண்களைப் பகாக் காரணிகளாகப் பிரிக்க ஒரே வழிதான் உண்டு என்று கும்மர் ஆதாரமில்லாமல் எடுத்துக்கொண்டதை டிரிஷ்லே சுட்டிக்காட்டினாராம். அந்த ஓட்டையை அடைக்கப் பிறந்தவை ‘ஐடியல் எண்கள்’. பின்னாளில் டெடெகிண்ட் அதைச் சுருக்கி ‘ஐடியல்’ ஆக்கினார். கதை இவ்வளவுதான்.

பெயரை வைத்தவர் யார், அந்தப் பெயர் எங்கே புழங்கிய பெயர், எந்தக் கணக்கைத் தீர்க்க அது தேவைப்பட்டது என்ற மூன்று கேள்விகள் இந்தக் கதைக்குள் ஒன்றாகக் கட்டப்பட்டிருக்கின்றன. கட்டை அவிழ்த்து, ஒவ்வொன்றையும் அந்தந்த ஆண்டின் அச்சுப் பக்கங்களோடு வைத்துப் பார்த்தேன். முதல் கேள்விக்குக் கதை சொல்லும் பதில் நிற்கிறது. இரண்டாவதைப் பற்றிக் கதை வாயே திறக்கவில்லை. மூன்றாவதற்கு அது சொல்லும் பதிலுக்குச் சாட்சியம் இல்லை.

பெயர்ச்சொல் பிறந்த ஆண்டு

தேடலைப் பின்னிருந்து முன்னோக்கித் தொடங்குவது எளிது. டிரிஷ்லே 1859-இல் இறந்தார். அவருடைய எண் கோட்பாட்டு விரிவுரைகளை ரிச்சர்ட் டெடெகிண்ட் தொகுத்து 1863-இல் வெளியிட்டார். 1871-இல் வந்த இரண்டாம் பதிப்பில், பத்தாம் பின்னிணைப்பாகத் தம் சொந்தக் கோட்பாட்டையே சேர்த்துவிட்டார். இன்று ‘களம்’ என்று நாம் சொல்வதற்கு அவர் வைத்த ‘கோர்ப்பர்’ என்ற பெயரும், தனிப் பெயர்ச்சொல்லாக ‘ஐடியலும்’ அங்கேதான் வருகின்றன.

அதற்கு முன்பு ‘ஐடியல்’ வெறும் அடைமொழி. கும்மரின் எழுத்தில் ‘ஐடியல் எண்’, ‘ஐடியல் காரணி’ என்று இன்னொரு சொல்லோடு ஒட்டிக்கொண்டே வரும். அப்படிப்பட்ட எண் எதுவும் கைக்கு அகப்படாது. எந்தெந்த எண்கள் அதனால் வகுபடும் என்பது மட்டும் தெரியும். அகப்படாததைப் பற்றிப் பேசுவது டெடெகிண்டுக்குப் பிடிக்கவில்லை. அதனால் வகுபடும் எண்களை எல்லாம் ஒரே கணமாகத் திரட்டி, அந்தக் கணத்துக்கே ‘ஐடியல்’ என்று பெயரிட்டார். கணத்துக்குள் இருப்பவை அத்தனையும் உண்மையான எண்கள். 1876–77-இல் பிரெஞ்சில் எழுதிய நீண்ட கட்டுரையில் இதை விளக்கும்போது, பெயர் கும்மரைச் சார்ந்தது என்பதை அவரே தெரிவித்துவிடுகிறார். ஆக, பெயர்ச்சொல் டெடெகிண்டுடையது. வழக்கு இப்போது அடைமொழிக்கு நகர்கிறது.

வெட்டாத வட்டங்களின் நாண்

கும்மர் இந்த அடைமொழியோடு பொதுவெளிக்கு வந்தது 1846-இல், பெர்லின் அகாதமியின் மாத அறிக்கையில். ஒரு சிறு அறிவிப்புக் கட்டுரை அது. அதுவே மறு ஆண்டு க்ரெல்லேயின் கணித இதழில், 35ஆம் தொகுதியில், விரிவான கட்டுரை ஒன்றுக்கு முன்னால் மறுபடி அச்சானது. அந்த இதழின் பழைய தொகுதிகளைக் கோட்டிங்கன் நூலகம் எண்மமாக்கி வைத்திருப்பதால் பக்கத்தைத் திறந்து பார்ப்பது இன்று யாருக்கும் கைக்கெட்டும் காரியம்.

அறிவிப்புக் கட்டுரையில் கும்மர் தம் முறையை ஞாயப்படுத்த வடிவியலைத் துணைக்கு அழைக்கிறார். இரு வட்டங்கள் வெட்டிக்கொண்டால் வெட்டுப்புள்ளிகளை இணைக்கும் பொது நாண் ஒன்று உண்டு. வட்டங்கள் விலகி நின்றால் புள்ளிகள் இல்லை. ஆனாலும் இரண்டின் சமன்பாடுகளையும் கழித்தால் ஒரு நேர்கோடு வந்தே தீரும். ஆரம் 1 அலகு கொண்ட இரு வட்டங்களின் மையங்கள் 4 அலகு தள்ளி இருக்கட்டும். கழித்துப் பாருங்கள்: மையங்களுக்கு நட்ட நடுவில், எந்த வட்டத்தையும் தொடாமல், செங்குத்தாக ஒரு கோடு கிடைக்கும். பொது நாணுக்குரிய குணங்கள் அந்தக் கோட்டுக்கும் பொருந்தும். ஆகவே வட்டங்கள் எப்படி நின்றாலும் செல்லுபடியாகும் ஒரு வரையறையைத் தேட வேண்டும். தம் காரணிகளுக்கும் அதையே செய்வதாகக் கும்மர் சொல்கிறார். அங்கே அவர் அந்த நாணுக்குத் தரும் அடைமொழியும் ‘ஐடியல்’தான்.

வடிவியலாளர்களிடம் இந்த அடைமொழி அப்போதே புழங்கிவந்தது. பிரெஞ்சுப் பொறியாளர் பொன்செலே, உருவங்களின் வீழ்ப்புப் பண்புகளைப் பற்றி 1822-இல் வெளியிட்ட நூலில் ‘ஐடியல் நாண்’, ‘ஐடியல் வெட்டுக்கோடு’ என்ற பெயர்களை நிலைநாட்டியிருந்தார். நெப்போலியனின் ரஷ்யப் படையெடுப்பில் பிடிபட்டுச் சராத்தவ் நகரில் போர்க்கைதியாக இருந்த காலத்தில் தொடங்கிய ஆராய்ச்சி அது. கும்மரின் அறிவிப்பு வந்தது அந்த நூலுக்கு 24 ஆண்டுகள் கழித்து. இல்லாத ஒன்றுக்குப் புதுப் பெயர் தேடி அவர் அலையவில்லை. இல்லாதபோதும் இருப்பதுபோல் நடந்துகொள்ளும் ஒன்றுக்குப் பக்கத்துத் துறையில் ஏற்கெனவே பெயர் இருந்தது; அந்தத் துறையை அவரே சுட்டிக்காட்டியும் விட்டார்.

அகப்படாத 22 காரணிகள்

கும்மருக்கு அகப்படாமல் போனது எது? இதற்கு 1844-க்குப் போக வேண்டும். கோனிக்ஸ்பெர்க் பல்கலைக்கழகத்தின் முந்நூறாம் ஆண்டு விழாவுக்கு வாழ்த்தாகப் ப்ரெஸ்லாவ் பல்கலைக்கழகத்தின் சார்பில் கும்மர் லத்தீனில் ஒரு கட்டுரை வெளியிட்டார். ஒன்றின் மூலங்களும் சாதாரண முழு எண்களும் சேர்ந்து உருவாகும் கலப்பெண்களைப் பற்றியது அது.

ஒரு பகா எண்ணை, உதாரணமாக 5-ஐ, எடுத்துக்கொள்வோம். 5-ஆல் வகுத்தால் 1 மீதி தரும் 11, 31, 41 போன்ற பகா எண்கள், ஒன்றின் ஐந்தாம் மூலத்தைக் கொண்டு கட்டிய எண்களுக்குள் நான்கு காரணிகளாக உடைகின்றன. 7-க்கு ஆறு காரணிகள், 11-க்குப் பத்து. 5 முதல் 19 வரை ஒவ்வொரு பகா எண்ணுக்கும், 1000-க்குக் கீழே இந்த உடைப்பு தவறாமல் நடப்பதைக் கும்மர் கணக்கிட்டுக் காட்டினார். 23-இல் வண்டி நின்றுவிட்டது.

23-ஆல் வகுத்தால் 1 மீதி தரும் பகா எண்கள் 1000-க்குள் எட்டு: 47, 139, 277, 461, 599, 691, 829, 967. இவற்றில் 599, 691, 829 ஆகிய மூன்றும் 22 காரணிகளாக உடைகின்றன. மற்ற ஐந்தும் உடைய மறுக்கின்றன. 47-ஐ மட்டும் தாளில் போட்டுப் பார்க்கலாம். அது 22 காரணிகளாக உடையுமானால், அவற்றைப் பதினொன்று பதினொன்றாகப் பிரித்துப் பெருக்கும்போது, 47-இன் நான்கு மடங்கு ஒரு வர்க்கமும் இன்னொரு வர்க்கத்தின் 23 மடங்கும் சேர்ந்த கூட்டுத்தொகையாக வந்தாக வேண்டும். நான்கு மடங்கு 188; அது வர்க்கமல்ல. 188-இலிருந்து 23-ஐக் கழித்தால் 165, வர்க்கமல்ல. 23-இன் நான்கு மடங்கான 92-ஐக் கழித்தால் 96, அதுவும் வர்க்கமல்ல. அடுத்தது 207, 188-ஐத் தாண்டிவிடுகிறது. கதவு சாத்தப்பட்டது. 599-க்கு இதே சோதனையைச் செய்தால் 2396 = 2304 + 92, அதாவது 48-இன் வர்க்கமும் 2-இன் வர்க்கத்தின் 23 மடங்கும். கதவு திறக்கிறது.

பகாக் காரணிகளாக ஒரே வழியில் உடையும், சாதாரண எண்களுக்கு உள்ள நல்ல குணம் இந்த எண்களுக்கு வாய்க்கவில்லையே என்று லத்தீன் கட்டுரையில் கும்மர் வருந்துகிறார். அதோடு நிற்காமல், மாற்று வழி தேடினார். ஒரு எண் 47-இன் அந்த அகப்படாத காரணியால் வகுபடுகிறதா என்று, காரணியைக் கண்ணால் பார்க்காமலே சோதிக்க முடியும் என்பதுதான் அவர் கண்ட வழி. சோதனையின் எளிய வடிவம் இது: 2-இன் 23ஆம் அடுக்கிலிருந்து 1-ஐக் கழித்தால் 8388607, அது 47-இன் 178481 மடங்கு. எனவே 47-இன் மடங்குகளைப் பொருட்படுத்தாத கணக்கில், ஒன்றின் 23ஆம் மூலம் செய்யும் வேலையை 2 செய்யும். மூலத்துக்கு ஆல்ஃபா என்று பெயர் வைத்து, ஆல்ஃபாவின் ஐந்தாம் அடுக்கையும் நான்காம் அடுக்கையும் கூட்டி 1-ஐக் கழித்த எண்ணைப் பரிசோதிப்போம். ஆல்ஃபா இருக்குமிடத்தில் 2-ஐ வைத்தால் 32 + 16 − 1 = 47. மீதி சுழியம், எனவே அந்த எண் அகப்படாத காரணியால் வகுபடும். 2-க்குப் பதில் 4, 8, 16 என்று 2-இன் மற்ற அடுக்குகளை வைத்தால் வேறு வேறு காரணிகளுக்கான சோதனை கிடைக்கும். இப்படி மொத்தம் 22 சோதனைகள், 22 ஐடியல் காரணிகள்.

இவை வெறும் கற்பனை என்று தள்ளவும் முடியாது. ஒரு ஐடியல் எண்ணைத் தகுந்த அடுக்குக்கு உயர்த்தினால் உண்மையான எண் ஆகிவிடும் என்று கும்மர் காட்டினார். 23-க்கு அந்த அடுக்கு 3. 47-இன் கனம் 103823. அது 24-இன் வர்க்கமான 576-உம், 67-இன் வர்க்கத்தின் 23 மடங்கான 103247-உம் சேர்ந்த தொகை. 47-க்குச் சாத்திய கதவு அதன் கனத்துக்குத் திறக்கிறது.

வேதியியலிலிருந்து ஒரு சாட்சி

க்ரெல்லே 35ஆம் தொகுதியின் விரிவான கட்டுரையில் கும்மர் வேதியியலுக்கும் போகிறார். எண்களைப் பெருக்குவது வேதிச் சேர்க்கை போன்றது. பகாக் காரணிகள் தனிமங்கள். ஐடியல் காரணிகளோ, சேர்மங்களில் மட்டும் தென்பட்டுத் தனியே பிரித்தெடுக்க முடியாத கற்பிதப் பொருள்கள். உதாரணத்துக்கு அவர் சொன்ன தனிமம் ஃப்ளூரின். அது உப்புகளில் இருப்பது எல்லாருக்கும் தெரியும். தனியாகப் பிடித்தவர் அப்போது யாருமில்லை. அத்தோடு விடாமல், வினைப்பொருளை ஊற்றி வீழ்படிவைப் பார்த்து இன்ன தனிமம் இருக்கிறது என்று சொல்லும் ஆய்வக முறையைத் தம் வகுபடுதல் சோதனையோடு வரிக்கு வரி பொருத்துகிறார்.

அலங்காரத்துக்காகச் சொன்ன உவமை என்று இதைக் கடந்துபோகக் கூடாது. பெயரின் பொருளை, பெயரைப் புழங்கியவரே விளக்கும் இடம் இது. ‘ஐடியல்’ என்றால் ‘முழுமையான’, ‘மிகச் சிறந்த’ என்று சில மாணவர்கள் எடுத்துக்கொள்வதற்கு இங்கே இடமே இல்லை. 1886-இல் பிரெஞ்சு வேதியியலாளர் ஆன்ரி முவாசான் ஃப்ளூரினைத் தனியே பிரித்துவிட்டார். கும்மர் 1893 வரை வாழ்ந்தார். தாம் உதாரணம் காட்டிய கற்பிதத் தனிமம் கைக்கு வந்ததை அவர் காலத்திலேயே உலகம் பார்த்துவிட்டது.

ஃபெர்மா கதையின் சாட்சிகள்

இனி மூன்றாவது கேள்வி. ஃபெர்மா கதை முதலில் அச்சேறியது எப்போது? 1910-இல், கும்மரின் நூற்றாண்டு விழாவில் குர்ட் ஹென்சல் ஆற்றிய நினைவுரையில். ஹென்சல் சாமானியர் அல்ல. பி-அடிக் எண்களைக் கண்டவர், கும்மரின் மாணவர் க்ரோனெக்கரிடம் படித்தவர். ஆனால் அவர் இதை நேரில் கண்டு சொல்லவில்லை. கிராஸ்மன் சொன்னதாகக் குண்டெல்ஃபிங்கர் வழியாக வந்த செய்தி அது. கிராஸ்மன் இறந்தது 1877-இல். நடந்ததாகச் சொல்லப்படும் சம்பவத்துக்கும் உரைக்கும் இடையே அறுபது ஆண்டுகளுக்கு மேல். சம்பந்தப்பட்ட இருவரும் உயிரோடில்லை.

அமெரிக்கக் கணித வரலாற்றாளர் ஹாரல்ட் எட்வர்ட்ஸ் 1975-இல் இந்தக் கதையைக் குறுக்கு விசாரணை செய்தார். கும்மரின் கடிதங்களையும் அச்சுப் பதிவுகளையும் தேதிவாரியாக அடுக்கினாலே கதை ஆட்டம் காண்கிறது. 1845 அக்டோபரில் க்ரோனெக்கருக்கு எழுதிய கடிதத்தில் ஐடியல் எண்களின் கோட்பாடு உருவாகிவிட்டது. 1846-இல் அறிவிப்பு. ஃபெர்மா தேற்றத்துக்கு அதைப் பயன்படுத்தும் திட்டம் டிரிஷ்லேக்கு எழுதிய கடிதத்தில் வருவதோ 1847 ஏப்ரலில். மருந்து முதலில் தயாராகி, நோய் பிறகு வந்திருக்கிறது.

1847-இல் ஃபெர்மா திடீரென்று பேச்சில் அடிபட்டதற்குப் பாரிஸில் காரணம் உண்டு. மார்ச் 1 அன்று கணிதர் லாமே பிரெஞ்சு அறிவியல் அகாதமியில் எழுந்து, தேற்றத்தை நிரூபித்துவிட்டதாக அறிவித்தார். காரணிப்படுத்தல் ஒரே வழியில்தான் நடக்கும் என்பதற்கு ஆதாரம் எங்கே என்று அதே அமர்வில் இன்னொரு கணிதரான லியூவில் கேட்டார். மே 24 கூட்டத்தில் கும்மரின் கடிதம் வாசிக்கப்பட்டது: அந்த எடுகோள் தவறு, மூன்று ஆண்டுகளுக்கு முன்பே அச்சில் காட்டிவிட்டேன், ஐடியல் எண்களைக் கொண்டு அதைச் சரிக்கட்டலாம் என்பது அதன் சாரம். கதையில் டிரிஷ்லேயும் கும்மரும் நடிக்கும் காட்சியை நிஜத்தில் நடத்தியவர்கள் லியூவிலும் லாமேயும்.

அப்படியானால் கும்மர் வழுக்கவே இல்லையா? வழுக்கினார். எட்வர்ட்ஸ் 1977-இல் எழுதிய பின்குறிப்பில் அதற்கான சான்றை வைத்தார்: இளைஞரான ஐசன்ஸ்டைன் 1844-இல் மோரிட்ஸ் ஸ்டெர்னுக்கு எழுதிய கடிதம். இரண்டு கலப்பெண்களின் பெருக்கற்பலன் ஒரு பகா எண்ணால் வகுபட்டால் இரண்டில் ஒன்றாவது வகுபட வேண்டும் என்ற விதியை ஒப்புக்கொண்டால் முழுக் கோட்பாடும் ஒரே அடியில் கிடைத்துவிடும். விதி பொய் என்பதுதான் சிக்கல் என்று அவர் எழுதுகிறார். அந்த விதியை நம்பிக் கும்மர் 1844 ஏப்ரலில் பெர்லின் அகாதமிக்கு ஒரு கட்டுரை அனுப்பி, பிழை தெரிந்ததும் திரும்பப் பெற்றுக்கொண்டிருக்கிறார். ஃபெர்மாவைப் பற்றிய கட்டுரை அல்ல அது. மேலே 47-இல் நாம் தேடிக் கிடைக்காத உடைப்பு எல்லாப் பகா எண்களுக்கும் நடக்கும் என்று நிறுவ முயன்ற கட்டுரை. கும்மரின் கண் அப்போது உயர் அடுக்குகளின் ரெசிப்ராசிட்டி விதிகள் (ஒரு பகா எண்ணால் வகுக்கும் கணக்கில் இன்னொன்று அடுக்கெண்ணாக அமையுமா என்பதை இரண்டையும் இடம்மாற்றி அறியும் விதிகள்) மேல் இருந்தது; யாக்கோபி தொடங்கிவைத்த வேலையின் தொடர்ச்சி அது. 2007-இல் ரைன்ஹார்ட் போலிங் அந்தக் கையெழுத்துப் பிரதியையே ஆராய்ந்து எழுதிய பிறகு இதில் மிச்சமிருந்த மூட்டமும் கலைந்தது.

இன்னொரு சின்ன விவரம். 1843 இலையுதிர்காலத்திலிருந்து 1845 வசந்தம் வரை டிரிஷ்லே விடுப்பில் இத்தாலியில் இருந்தார். கட்டுரை அகாதமிக்கு வந்து திரும்பிப் போன மாதங்களில் அவர் பெர்லினிலேயே இல்லை.

வியப்பு என்னவென்றால், ஐசன்ஸ்டைனின் இந்தக் கடிதங்களை ஹுர்விட்ஸும் ருடியோவும் 1895-இலேயே அச்சிட்டிருந்தார்கள். ஹென்சல் பேசுவதற்குப் பதினைந்து ஆண்டுகளுக்கு முன்பு. சான்று நூலக அலமாரியில் கிடக்க, செவிவழிக் கதை பாடநூலில் ஏறிக்கொண்டது. அதற்குக் காரணமும் தெரிந்ததுதான். 1857-இல் பாரிஸ் அகாதமி ஃபெர்மா தேற்றத்துக்கான பரிசைக் கும்மருக்குத் தந்தது. அதன்பின் கும்மர் என்றாலே ஃபெர்மா என்றாயிற்று. திரும்பப் பெற்ற ஒரு கட்டுரை உண்டு என்ற மங்கலான நினைவு, ரெசிப்ராசிட்டியை உதறிவிட்டுப் புகழ்பெற்ற தேற்றத்தோடு போய் ஒட்டிக்கொண்டது.

பக்கத்து வீட்டுச் சொற்கள்

இதே துறையின் வேறு இரண்டு பெயர்களையும் இந்த முறையில் நிறுத்திப் பார்த்தால் சான்றின் தரம் எப்படி வேறுபடுகிறது என்பது புரியும். ‘கோர்ப்பர்’ என்பதற்கு வாக்குமூலமே இருக்கிறது. விரிவுரைகளின் 1894ஆம் ஆண்டுப் பதிப்பில் டெடெகிண்ட் அடிக்குறிப்பு எழுதி, இயற்கை அறிவியலிலும் வடிவியலிலும் சமூக வாழ்விலும் தன்னளவில் நிறைவுபெற்ற ஒரு முழுமையை அந்தச் சொல் குறிப்பதால் அதை எடுத்ததாகச் சொல்கிறார். 1857–58-இல் கோட்டிங்கனில் பாடம் நடத்தியபோது வேறு பெயரைப் பயன்படுத்தியதையும் அங்கேயே பதிவுசெய்கிறார்.

‘வளையம்’ நேர் எதிர். 1897-இல் வெளியான இயற்கணித எண்கள் பற்றிய பேரறிக்கையில் ஹில்பர்ட் ‘எண் வளையம்’ என்று வரையறுத்துவிட்டு, டெடெகிண்ட் இதற்கு ‘ஓர்ட்னுங்’ என்ற சொல்லைப் பயன்படுத்துகிறார் என்று அடிக்குறிப்போடு நகர்ந்துவிடுகிறார். ஏன் வளையம் என்பதற்கு அங்கே ஒரு வரி கிடையாது. ஒரு எண்ணின் உயர் அடுக்குகள் சுற்றி வந்து கீழ் அடுக்குகளிலேயே விழுவதால் அப்பெயர் என்று இன்று வகுப்புகளில் சொல்லப்படுவது பிற்காலத்தார் பொருத்திய விளக்கம். பொருத்தம் நன்றாகவே இருக்கிறது, சாட்சியம் அல்ல. 1921-இல் எமி நோதர் தம் புகழ்பெற்ற கட்டுரையின் தலைப்பிலேயே ஐடியலையும் வளையத்தையும் சேர்த்துவைத்தார். அதன்பின் இரண்டும் எண் கோட்பாட்டின் எல்லையைத் தாண்டி இயற்கணிதம் முழுவதற்கும் பொதுச் சொத்தாகிவிட்டன.

‘ஐடியல்’ இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. பெயருக்கென்று தனி வாக்குமூலம் இல்லை. ஆனால் வெட்டாத வட்டங்களின் நாண், பிடிபடாத ஃப்ளூரின் என்று கும்மர் கைப்பட எழுதிய இரண்டு சான்றுகள் ஒரே திசையைக் காட்டுகின்றன. ஃபெர்மா அந்தத் திசையில் இல்லை.

பாடநூலின் அந்த அடிக்குறிப்பைத் திருத்தும் வாய்ப்புக் கிடைத்தால் நான் இப்படி எழுதுவேன்: ‘1844-இல் 47-ஐ 22 காரணிகளாக உடைக்க முடியாமல் போனபோது, வெட்டாத வட்டங்களுக்கும் பொது நாண் உண்டு என்ற வடிவியலாளரின் முன்மாதிரியைப் பின்பற்றிக் கும்மர் 1846-இல் ஐடியல் காரணிகளை அறிவித்தார். 1871-இல் டெடெகிண்ட் அவற்றை எண்களின் கணங்களாக மாற்றி ஐடியல் என்று பெயரிட்டார். ஃபெர்மா தேற்றம் இந்தக் கோட்பாட்டின் பயன். பிறப்புக்குக் காரணம் அல்ல.’ பழைய கதை பிடித்த இடத்தைவிட இது அதிக இடம் பிடிக்காது. 47-ஐ மாணவர் தாமே தாளில் போட்டுச் சரிபார்த்துக்கொள்ளவும் முடியும்.